அணைய மறுக்கும் கீசர்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வருகிற கொல்லிமலைச் செம்மேட்டில், மார்கழிக் குளிரில், கீசர் வேலை செய்யவில்லை என்பது பெரிய புகார். ஆனால் அதைவிடப் பெரிய புகார் ஒன்று உண்டு: கீசர் வேலையை நிறுத்தவில்லை என்பது. குமிழை எவ்வளவு குறைத்து வைத்தாலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, குழாயைத் திறந்தால் ஆவி சீறுகிறது. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லரைப் பற்றி இதே புகாரைச் சொல்வார்கள். எங்கே கேட்டாலும் எலக்ட்ரீஷியன் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘தெர்மோஸ்டாட் போச்சு.’ அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் தெர்மோஸ்டாட் செய்வது ஒரு வேலை அல்ல, இரண்டு. சூட்டை அறிவது ஒன்று, மின்சாரத்தைப் பிரிப்பது இன்னொன்று. பழியெல்லாம் முதல் வேலையின் தலையில் விழுகிறது. கெட்டுப்போவதோ பெரும்பாலும் இரண்டாவது.

அறியும் பாகத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றே தோன்றும். பல கீசர்களில் இருப்பது சுமார் ஒரு சாண் நீளப் பித்தளைக் குழல். அதற்குள் இன்வார் என்ற நிக்கல்-இரும்புக் கலவையில் ஒரு கம்பி. சூடு பட்டால் பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய அசையாது. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது இரண்டுக்கும் நடுவே விழும் வித்தியாசம் 0.16 மில்லிமீட்டர், அதாவது நோட்டுத் தாள் ஒன்றரையின் கனம். குளியலறையின் பாதுகாப்பு முழுக்க இந்த ஒன்றரைத் தாளை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் நம்பலாம்: உலோகம் விரிவது பழுதாகும் சங்கதி அல்ல. பத்து வருடம் கழித்தும் பித்தளை அதே அளவுதான் நீளும்.

சிக்கல் இனிமேல்தான். தண்ணீர் மெதுவாகச் சூடாகிறது, எனவே அந்த ஒன்றரைத் தாள் இடைவெளியும் மெதுவாகத்தான் உருவாகிறது. அதே வேகத்தில் மின்முனைகளையும் பிரித்தால் என்ன ஆகும்? 2,000 வாட் காயிலில் ஓடுவது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். முனைகள் மயிரிழை விலகி நிற்கும்போது நடுவே பொறி பறந்துகொண்டே இருக்கும், முனையில் உள்ள வெள்ளி உருகும், முனை கருகும். ஆகவே சூட்டை மெதுவாக அறிய வேண்டும், முடிவை மட்டும் சட்டென்று எடுக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது ஒரு வளைந்த தகடு. திருவிழாக் கடையில் விற்கும் தகரத் தவளையை அழுத்தினால் ஒரு கட்டம் வரை சும்மா இருந்துவிட்டு ‘டிக்’ என்று உள்வாங்கும் அல்லவா, அதே வித்தை. பாதி வளைந்த நிலையில் அந்தத் தகட்டால் நிற்கவே முடியாது. இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், இடைநிலை கிடையாது.

ஆடிக்கு அழைத்த புது மாப்பிள்ளையோடு இதை ஒப்பிடலாம். காபியில் சர்க்கரை குறைவு, மச்சான் எழுந்து நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் சேர்கிறது, முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் அப்பளம் நமுத்துப் போனதற்குச் சட்டென்று எழுந்து போய்விடுவார். திரும்பி வரவழைக்க, புது அப்பளம் பொரித்தால் போதாது; சர்க்கரை, மச்சான் எல்லாவற்றையும் சரிசெய்தாக வேண்டும். தெர்மோஸ்டாட்டும் 60 டிகிரியில் பிரிந்தால் 59 டிகிரியில் சேர்ந்துவிடாது, பல டிகிரி இறங்கிய பிறகுதான் சேரும். இந்த வீம்பு இல்லாவிட்டால் நிமிடத்துக்குப் பத்து முறை போவதும் வருவதுமாக இருக்கும். உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை போகிறபோது இருப்பதைவிடத் திரும்பி வருகிறபோதுதான் ரசாபாசம் அதிகம். வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று தயங்குவார். மின்முனைகளும் சேரும்போது ஒரே அடியில் ஒட்டுவதில்லை. சுத்தியல் பட்டடையில் துள்ளுவதுபோல் சில மில்லி செகண்டுகள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு பொறி. வெள்ளி உருகுவது 961 டிகிரியில், பொறிக்கு அது பெரிய விஷயமே இல்லை. துள்ளி முடித்து முனைகள் அமரும்போது உருகிய பரப்பின் மேல் உருகிய பரப்பு அமர்கிறது, குளிர்கிறது, பற்ற வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தகட்டின் விசை அந்தச் சின்னப் பற்றைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆயிரக்கணக்கான முறைக்குப் பின் ஒருநாள் பிய்க்க முடியாமல் போகும். பித்தளை தன் கடமையாக நீண்டிருக்கும், தகடும் இழுத்துப் பார்த்திருக்கும். ‘பாயிண்ட் ஒட்டிக்கிச்சு’ என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், அவர் சரியான நோயைச் சொல்கிறார்.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் வாசகர் கடிதம் வரும் என்பதால் ஒரு பத்தி. தெர்மோஸ்டாட் என்ற சொல்லையும் ஈருலோகத் தகட்டுக்கான காப்புரிமையையும் 1830இல் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ யூர். இன்வாரைக் கண்டுபிடித்த சார்ல் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. துள்ளும் தகட்டைப் பிரபலமாக்கிய ஜான் ஸ்பென்சர் என்ற அமெரிக்கர், சிறுவயதில் மரத் தொழிற்சாலைப் பாய்லர் ஒன்றின் இரும்புக் கதவு சூடேறினால் ஒரு பக்கமும் ஆறினால் மறுபக்கமும் ‘படக்’ என்று புடைப்பதைக் கவனித்ததிலிருந்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். போதும்.

‘மலையில் வோல்டேஜ் சரியில்லை, அதனால்தான்’ என்று ஒரு மறுப்பு வரும். மோட்டாருக்கு அது பொருந்தும், காயிலுக்குப் பொருந்தாது. 230 வோல்ட் 180க்கு இறங்கினால் காயிலில் ஓடும் மின்னோட்டமும் இறங்கும், 2,000 வாட் 1,200 வாட்டாகக் குறையும், குளிக்க நேரமாகும், அவ்வளவுதான். முனைக்கு அது ஓய்வு. ‘உப்புத் தண்ணீர், தெர்மோஸ்டாட் மேல் சுண்ணாம்பு படிந்துவிட்டது’ என்பது அடுத்தது. படிந்தால் சூடு தாமதமாக எட்டும், கட்-ஆஃப் கொஞ்சம் பிந்தும். பிந்துவது வேறு, நிகழாமலே போவது வேறு. மூன்றாவது மறுப்பில் மட்டும் சரக்கு இருக்கிறது. வெந்நீரை ஒரேயடியாக எடுக்காமல் ஆளுக்கு ஒரு செம்பாக எடுத்தால், ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும். அடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தெர்மோஸ்டாட் காயிலை மூட்டும், ஏற்கெனவே சூடான மேல்தண்ணீர் இன்னும் சூடாகும். அங்கே எந்தப் பாகமும் பழுதில்லை. நாம் தண்ணீர் எடுக்கும் பழக்கம்தான் காரணம்.

ஒட்டிய முனை பல வீடுகளில் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், நம் வீடுகளில் தெர்மோஸ்டாட் வேலையை மனிதர்களே பார்ப்பதுதான். சுவிட்சைப் போட்டு, இருபது நிமிடம் கழித்து அணைத்துவிடுகிறோம். கருவி ஒருமுறைகூடப் பிரிய வேண்டியிருப்பதில்லை. சுவிட்சை மறந்துவிட்டு ஆகாய கங்கை அருவி பார்க்கக் கிளம்பும் விடுதி விருந்தாளியிடம்தான் குட்டு வெளிப்படும். கணக்கு எளிது. 15 லிட்டர் தண்ணீர் 18 டிகிரியிலிருந்து 60க்கு ஏற 22 நிமிடம். அங்கிருந்து, 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்த ஊரின் கொதிநிலையான 96, 97 டிகிரியைத் தொட இன்னும் 20 நிமிடம்கூட வேண்டாம். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் அழுத்தமும் மூடிய கலமும் சேர்ந்தால், கலத்துக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பழைய தாமிரப் பாய்லரில் இந்தப் பயம் கிடையாது. மூடி திறந்தது, விறகும் தானே எரிந்து தீர்ந்துவிடும். மின்சாரம் அப்படித் தீராது.

அதனால்தான் கீசரில் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட், அதற்குப் பின்னால் அழுத்த வால்வு, உருகும் அடைப்பான் என்று வரிசையாகக் காவல் வைத்திருக்கிறார்கள். முதல் காவலாளி தூங்கினால் அடுத்தவர் எழுவார். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்றால் முன்னவர் நிரந்தரமாகத் தூங்கிவிட்டார் என்று பொருள். அப்போது ‘கட்-அவுட் தொல்லை, டைரக்ட் பண்ணிடுங்க’ என்று சொல்லிக் கம்பியை நேராக இணைப்பது, விழித்திருக்கும் அடுத்த ஆளைப் பிடித்துக் கட்டிப்போடுவது.

இவை எதிலும் சேராத ஒரு வகைப் பழுது உண்டு. அதைப் பிரித்தறிய ஒரு சோதனை: வெளியே குமிழ் உள்ள மாடலில், தண்ணீர் சூடான பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குமிழை உச்சத்திலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முனை ஒட்டியிருக்கலாம். சுத்தமாக டிக் கேட்டும் கீசர் சூடேறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வயரிங் மேல் போக வேண்டும். யாரோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், காயிலின் உறையும் வெடித்திருக்கிறது. தெர்மோஸ்டாட் நியூட்ரலைத்தான் துண்டிக்கிறது; மின்சாரம் பேஸ் வழியே வந்து காயிலில் பாதி தூரம் ஓடி, வெடிப்பின் வழியே தண்ணீருக்கும் எர்த்துக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எர்த் சுமாராக இருந்தால் ஓடுவது 10 ஆம்பியர் அளவுதான், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. எர்த்தே இல்லையென்றால் அடுத்த பாதை குளிப்பவரின் உடம்பு. முப்பது மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் இதைப் பிடிக்கும். கட்-அவுட்டுக்கு அடுத்து நான் காசு செலவழிக்கச் சொல்வது அதற்குத்தான்.

வைஃபை கீசருக்கு அல்ல. போனிலிருந்து அணைக்கலாம், சூட்டைப் பத்தில் ஒரு டிகிரி துல்லியமாகக் காட்டும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். அறியும் வேலை ஏற்கெனவே ஒன்றரைத் தாள் பித்தளையால் போதுமான அளவு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கருவியிலும் 9 ஆம்பியரைப் பிரிப்பது பெரும்பாலும் ஒரு ரிலே, அதன் நுனியிலும் அதே வெள்ளி. ஒட்டிக்கொண்டால் போனில் ‘அணைக்கப்பட்டது’ என்று வரும், குளியலறையில் ஆவி வரும்.

இப்போதே அணையாமல் நிற்கும் கீசருக்கு முன்னால் நிற்பவர்கள் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, குழாயைத் தொடாமல் இருக்க வேண்டும். திறந்த கணத்தில் அழுத்தம் விழும், அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த தண்ணீர் குழாய் வாயிலேயே ஆவியாகச் சீறும். தானாக ஆறட்டும். அதற்கு எவ்வளவு நேரம் என்பது கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பொறுத்தது. சூடு கசியாமல் காப்பதற்குத்தான் அந்த நட்சத்திரங்களே கொடுக்கப்படுகின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால் மறுநாள் காலையிலும் தண்ணீர் சூடாகத்தான் இருக்கும்.