பீனிக்ஸ் வந்தாச்சு, வழி விடுங்க!

ஸ்டெல்லாரிஸ் ஆடுகிறவர்களே, கொஞ்ச நாளைக்குத் தூக்கத்தை ஒதுக்கி வையுங்கள்! 2025 மே 5ஆம் தேதி 4.0 அப்டேட் வந்தது. பெயர் ‘பீனிக்ஸ்’. வழக்கமான ஒட்டுவேலை இல்லை இது. விளையாட்டின் அடிவயிற்றையே பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதைவிடச் சந்தோஷம், விளையாட்டை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதன் பீட்டா பதிப்பை ஸ்டீமில் முன்கூட்டியே இறக்கிப் பார்க்கலாம் என்று பாரடாக்ஸ் கதவைத் திறந்து வைத்திருந்தது. சும்மா இருக்க முடியுமா? காவேரிப்பாக்கத்தில் அக்கா மகனின் பழைய லேப்டாப்பில் ஏற்றி, விடிய விடிய இரண்டு பேரும் துருவிப் பார்த்துவிட்டோம்.

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெல்லாரிஸ் 2016 மே 9 அன்று வெளிவந்த விண்வெளி வியூக விளையாட்டு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனத்தின் படைப்பு. 2200ஆம் ஆண்டில் ஒரே ஒரு கிரகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம். எதிரே ஆயிரம் விண்மீன்கள் வரை விரிந்து கிடக்கும் ஒரு பால்வீதி. ஆராயலாம், குடியேறலாம், அண்டை வீட்டாரோடு ஒப்பந்தம் போடலாம், மோதலாம்.

இந்த விளையாட்டில் மக்களுக்கு ‘பாப்’ என்று பெயர். 4.0 வரும் வரை ஒவ்வொரு பாப்பையும் கணினி தனித்தனியாகக் கவனிக்கும்: இது எந்த இனம், என்ன கொள்கை, சந்தோஷமாக இருக்கிறதா, வயலுக்குப் பொருத்தமா ஆய்வுக்கூடத்துக்குப் பொருத்தமா? முதல் ஐம்பது வருடங்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. சாம்ராஜ்யங்கள் பெருத்து, பால்வீதி முழுக்க ஆயிரக்கணக்கில் பாப்கள் சேர்ந்த பிறகுதான் தலைவலி. திரையின் மூலையில் தேதி ஊர்ந்து ஊர்ந்து போகும். நல்ல கணினி வைத்திருப்பவர் பொறுத்துக்கொள்வார். சிற்றூரில் செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வைத்திருக்கும் பையனுக்கு? ஆட்டத்தின் கடைசி அத்தியாயம், பால்வீதியையே விழுங்க வரும் பெரும் ஆபத்து வருகிற கட்டம், எட்டாக்கனி. பாதியில் மூடிவிட்டுப் புது ஆட்டம் தொடங்குவதே அவன் வழக்கமாக இருந்தது.

4.0 கை வைத்திருப்பது சரியாக இந்த இடத்தில்! இனிமேல் பாப் தனி ஆள் இல்லை, ஒரு குழு. ஒரே இனம், ஒரே சமூக அடுக்கு, ஒரே கொள்கை என்றால் எல்லாரும் ஒரே குழுவில் அடக்கம். பழைய ஒரு பாப்புக்குப் புதுக் கணக்கில் நூறு பேர். முன்பு முப்பதைச் சுற்றி நின்ற தலைநகர மக்கள்தொகை இப்போது முதல் நாளே ஆயிரக்கணக்கில் காட்டுகிறது. எண் நூறு மடங்கு ஏறினால் கணக்கும் ஏறாதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஏறாது! குழுவில் ஐம்பது பேர் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருந்தாலும் கணினிக்கு அது ஒரே வரி. வேலையைக் கூட்டுவது குழுக்களின் எண்ணிக்கைதான், தலைகளின் எண்ணிக்கை அல்ல. இதை யோசித்தவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருக்கிறது.

கூடவே ஒரு போனஸ். முன்பு ஒரு கிரகத்தில் ஒரு நேரத்தில் ஒரு இனம்தான் பெருகும். வளர்ச்சிப் பட்டை நிரம்பியதும் ஒரு முழு பாப் தொப்பென்று வந்து விழும். இப்போது அங்கே வாழும் எல்லா இனங்களும் சேர்ந்தே, மாதாமாதம் சிறுகச் சிறுக வளர்கின்றன. அந்த எண்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேலை இல்லாதவர்கள் ‘குடிமக்கள்’ என்ற புது அடுக்கில் இருப்பார்கள். புதுக் கட்டடம் எழும்பினால் ஆட்கள் அங்கிருந்து வருவார்கள்.

அடுத்தது வணிகம். இதைக் காவேரிப்பாக்கத்துக்காரருக்கு விளக்கவே வேண்டாம். ராணிப்பேட்டைத் தோலும் ஆம்பூர் ஷூவும் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. சரக்கைச் செய்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு தனி என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டெல்லாரிஸுக்கு அது இப்போதுதான் புரிந்திருக்கிறது! இதுவரை வணிகம் என்பது விண்நிலையங்களிலிருந்து தலைநகர் வரை நீளும் வழித்தடங்கள். அந்த வழியில் கொள்ளைக்காரர்கள் முளைப்பார்கள். அவர்களை அடக்க ரோந்துக் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வழித்தடங்களை அடியோடு தூக்கிவிட்டார்கள். “மாமா, இனிமே கொள்ளைக்காரன் பின்னாடி ஓட வேணாம்!” என்று அக்கா மகன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

இப்போது வணிகமும் கனிமம், உணவு போலச் சேமித்து வைக்கும் ஒரு வளம். சந்தையில் பொருள் வாங்க ஆற்றல் அலகுகள் செல்லாது, வணிகம்தான் நாணயம். ஒரு கிரகம் தன் சோற்றைத் தானே விளைவிக்கவில்லையா? வெளியிலிருந்து கொண்டுவரும் கூலி வணிகக் கணக்கில் கழியும். கப்பல் படை நிலையத்தை விட்டு வெளியே சுற்றுகிறதா? அதற்கும் கழியும். ஒரு கிரகம் முழுக்க ஆலை, இன்னொன்று முழுக்க வயல் என்று பிரித்துப் போட்டு அள்ளிய காலம் முடிந்தது. இனியும் அப்படிச் செய்யலாம், ஆனால் கூலியைக் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். எனக்கு இந்த அப்டேட்டில் மிகப் பிடித்த மாற்றம் இதுதான். ஒவ்வொரு கிரகத்தையும் எங்கே, எதற்காக வைக்கிறோம் என்று முதல்முறையாக நின்று யோசிக்க வைக்கிறது.

கிரகத் திரையும் புதுசு. நகர மாவட்டத்துக்குள் மண்டலங்கள் வந்திருக்கின்றன. ஆலையா, ஆராய்ச்சியா என்று மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ற வேலைகள் வரும். பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 4.0 வந்த அதே நாளில் ‘பயோஜெனிசிஸ்’ என்ற கட்டண இணைப்பும் வந்தது. அதில் உயிருள்ள கப்பல்கள் உண்டு. பிறந்து, வளர்ந்து, பெரிதாகிற கப்பல்கள்! அதைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

ஒன்பது வயதான விளையாட்டை ஏன் இப்படிப் பிரித்துப் போட்டார்கள்? அவர்களுக்கு இது கைவந்த பழக்கம். விண்மீன் விட்டு விண்மீன் பாய மூன்று வழிகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 அதில் இரண்டைத் தூக்கிவிட்டு, பாதைகள் வழியாகப் போவதை மட்டும் பொதுவாக்கியது. எவ்வளவோ பேர் சண்டைக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 2.2 வந்து, கிரகத்தைக் கட்டங்களாகப் பிரித்திருந்த முறையையும் ஒழித்தது. இன்று அந்தப் பழைய முறைகளைத் திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. 2021இலிருந்து ‘கஸ்டோடியன்’ என்றே ஓர் அணி இருக்கிறது. புதுச் சரக்கு விற்பது வேறு ஆட்களின் பொறுப்பு. பழையதைச் சீர்செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பது இவர்கள் பொறுப்பு. இயக்குநர் ஸ்டீபன் முரே தலைமையில் அந்த வழியில் எடுத்துவைத்த ஆகப் பெரிய அடி 4.0.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் அப்டேட்டுகளுக்கு கிளார்க், அசிமோவ் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் பெயரை வைத்தார்கள். பிறகு விண்மீன் கூட்டங்களின் பெயருக்கு மாறினார்கள். பீனிக்ஸ் தென்வானத்துக் கூட்டம். ஸ்டாக்ஹோம் இருக்கும் வடக்குக்கு அது ஒருநாளும் உதிக்காது! பெயர் வைத்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியாத அதை, கார்த்திகை மாத முன்னிரவில் காவேரிப்பாக்கத்துப் பல்லவர் கால ஏரிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் நாம் பார்க்கலாம்.

பீட்டா அரைவேக்காடுதான், அவர்களே அப்படிச் சொல்லித்தான் தந்தார்கள். வெளியான பிறகும் சில வாரங்கள் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 4.0க்கு முந்தைய பதிப்பான 3.14இல் பாதி ஆட்டம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பழைய சேவ் ஃபைல் 4.0இல் ஓடாது. அந்த ஆட்டத்தை முடிக்க வேண்டுமென்றால், ஸ்டீமில் ஸ்டெல்லாரிஸ் பெயர்மேல் வலது கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘பீட்டாஸ்’ பட்டியலில் 3.14ஐத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மாட் போட்டிருப்பவர்கள் புதுப் பதிப்பைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அடிப்படை விளையாட்டு உங்களிடம் இருந்தால் 4.0க்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.