கைபேசிப் படத்தில் நம்ம லயம் எங்கே?

மழை தொடங்கினால் படித்த பிள்ளைகள் கைபேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து, "இங்க சிவப்பு, அங்க மஞ்சள்" என்று காட்டுகிறார்கள். அந்த நிறம் எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பெரியவர்களும் தெரிஞ்சுக்கணும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் மறந்தவர் யார்?

பள்ளிக்கூடத்தில் எண்ணெய் தடவிய தாளை மேலே வைத்துப் படம் எடுத்தோமே, அதே வேலைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையின் சரிவு, பாறை, மேல்மண்ணின் கனம், தண்ணீர் ஓடும் வழி, நிலத்தின் அமைப்பு, அங்கே உள்ள பயிரும் கட்டடமும் ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்த்து அபாயப் படம் தயாரித்தது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் இந்த வேலை முதலில் தொடங்கியது. அந்தப் படத்தின்மேல் மழை அளவு ஒரு தாள், வீடுகளும் பாதைகளும் இன்னொரு தாள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வருகிறது. கணினி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. ஓர் இடத்தை விரலால் தொட்டால் எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் உள்ள விவரம் வரும்.

அடுக்குவதில்தான் சங்கடம். நில அளவைத் திணைக்களத்தின் கணக்குக்கு நடுப்புள்ளி நம்ம பீதுருதாலகால மலை. பழைய கணக்கில் அந்த உச்சிக்குக் கிழக்கு 2,00,000, வடக்கு 2,00,000 மீற்றர் என்று எண். 1999இன் புதிய கணக்கில் இரண்டுமே 5,00,000. பழைய எண்ணைப் புதியதென்று எடுத்தால் லயம் மேற்கே 300, தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழும்! அது பரவாயில்லை, பார்த்ததும் பிழை தெரிந்துவிடும். நூறு மீற்றர் தள்ளி விழுந்தால்தான் ஆபத்து, யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. அபாயப் படம் பெரும்பாலும் 1:10,000 அளவில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீற்றர் என்றால் நிலத்தில் 10 மீற்றர். கைபேசியில் விரலால் எவ்வளவு பெரிசாக்கினாலும் விவரம் கூடாது, கோடுதான் தடிக்கும். ஆகவே "சிவப்புக்கு ரெண்டு காம்பரா தள்ளித்தான் நாங்க இருக்கோம்" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

மழைக் கணக்கு எளிது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம், தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினாலோ வெளியேற வேண்டும். மழைமானி உங்கள் மலையில் இல்லாமல் தூரத்தில் இருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுத் தாளில்தான் நமக்குக் குறை. பல தோட்டங்களில் பங்களாவுக்கும் பெக்டரிக்கும் பெயர் இருக்கும், லயத்துக்கு இருக்காது. சிவப்புக்குள் எத்தனை குடும்பம் என்று அந்தத் தாளை வைத்து எண்ணினால், வரையாத லயத்துக்குக் கணக்கு பூச்சியம்தான். 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசப் படத்தில் யாரும் இடம் குறிக்கலாம். கைபேசி தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு லயம், பிள்ளைக்காம்பரா, கோயில், குறுக்குப் பாதை எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், இடத்தின் பெயர் போதும்.

சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவையெல்லாம் எந்தப் படத்திலும் வராது. கண்டால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே விலகுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 இலக்கத்தில் சொல்லுங்கள்.