கல்லை அடுக்கிய கைகள் யாருடையவை?

மறைந்துபோன மாபெரும் நாகரிகங்களைப் பற்றிய கதைகளுக்கு எக்காலத்தும் ஒரு கவர்ச்சி உண்டு. கடலில் அமிழ்ந்த கண்டம், பனிக்கு அடியில் புதைந்த நகரம், விண்ணிலிருந்து இறங்கி வந்து மனிதனுக்குக் கட்டடக் கலையைக் கற்பித்த வேற்றுலகத்தார் என்று அவை பலவகைப்படும். முன்பு நூல்நிலையப் புத்தகங்களில் நாம் படித்து வியந்த அதே கதைகளை, இன்று நம் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் கண்டு வியக்கின்றனர்.

இரவு உணவு வேளையில், "எகிப்திலுள்ள பிரமிடுகளை மனிதர்கள் கட்டவில்லையாமே, அப்பா!" என்று ஒரு சிறுவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் என்ன விடை கூறுவது? "அதெல்லாம் கட்டுக்கதை, பேசாமல் சாப்பிடு" என்று அதட்டுவது விடையாகாது. "இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது?" என்று நழுவுவதும் விடையாகாது. இத்தகைய கூற்றுகளை எவ்வாறு சோதித்து அறிவது என்று அவனுக்குக் காட்டுவதே பெற்றோரின் கடமை. அதற்குத் துணைபுரியக்கூடிய உண்மை வரலாறு ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. வாசக அன்பர்களோடு அதனை இங்கே சிந்திக்க விழைகிறோம்.

பென்சிலும் கேதுரு மரமும்

தென்னாப்பிரிக்கக் குடியரசுக்கு வடக்கே அமைந்துள்ளது சிம்பாப்வே நாடு. அங்கே மஸ்விங்கோ நகருக்கு அருகில், 'மகா சிம்பாப்வே' எனப்படும் பழைய கல் நகரத்தின் இடிபாடுகள் 700 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் பரந்து கிடக்கின்றன. அதன் பெரிய மதில் ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவுடையது. சில இடங்களில் 11 மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கிறது. அதில் சாந்து என்பதே கிடையாது. கருங்கல்லைப் பிளந்து, வரிசை வரிசையாக அடுக்கி எழுப்பிய சுவர் அது. 'கல் வீடுகள்' என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லே இவ்விடத்திற்குப் பெயராயிற்று.

1871ஆம் ஆண்டு கார்ல் மவுக் என்னும் ஜெர்மானியர் இங்கு வந்து சேர்ந்தார். சுவரில் பதிந்திருந்த உத்தரக் கட்டை ஒன்றிலிருந்து ஒரு சிம்பை வெட்டியெடுத்தார். அதன் நிறமும் மணமும் தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தைப் போன்றே இருந்தன. பென்சில் கேதுரு மரத்தாலானது. ஆகவே இதுவும் கேதுரு. கேதுரு லெபனோனிலிருந்து வந்திருக்க வேண்டும். அதைக் கொணர்ந்தோர் பெனிசியர். எனவே இது சாலமோன் மன்னரைக் காண வந்த சேபா நாட்டு அரசியின் அரண்மனையே என்று முடிவு கட்டினார்! பென்சிலில் தொடங்கி அரண்மனையில் முடிந்த இந்த வாதத்தில், ஒரு படியாவது சோதிக்கப்படவில்லை. அந்த மரமோ ஆப்பிரிக்காவிலேயே வளர்வது.

விவிலியத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், சேபா நாட்டு அரசி நறுமணப் பொருள்களோடும் பொன்னோடும் எருசலேமுக்கு வந்தார், தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார், தம் நாட்டுக்குத் திரும்பினார் என்றே காண்கிறோம். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அவர் கோட்டை கட்டியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. மறைநூல் கூறாததை மறைநூலின் பெயரால் கூறத் துணிந்தவர்கள் மனிதர்களே.

வாரி எறியப்பட்ட சான்று

மவுக்கின் கற்பனை அவரோடு மறைந்திருந்தால் கேடில்லை. ஆனால் 1890இல் செசில் ரோட்ஸ் என்பாரின் கம்பெனி அந்நிலப்பகுதியைக் கைப்பற்றியபோது, அக்கற்பனை பெரிதும் பயன்பட்டது. "கறுப்பின மக்களால் இத்தகைய கட்டடம் எழுப்ப இயலாது, முற்காலத்தில் வெளியிலிருந்து வந்த நாகரிக மக்கள் இங்கு ஆண்டனர், நாம் அவர்களுடைய வாரிசுகளாக வந்துள்ளோம்" என்று குடியேறியவர்கள் சொல்லிக்கொள்ள அது இடமளித்தது. ரோட்ஸின் ஆதரவோடு 1891இல் ஆராய வந்த தியோடர் பென்ட் என்பவரும், அயலாரே கட்டினர் என்று எழுதினார்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. 1902இல் இவ்விடத்தின் காப்பாளராக நியமிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹால், உள்ளேயிருந்த மண் அடுக்குகளை ஆப்பிரிக்கர் விட்டுச்சென்ற குப்பை என்று கருதி வாரி எறியச் செய்தார். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, வீட்டுத் தரை, எலும்பு ஆகியவைதாம் ஓரிடத்தில் யார் வாழ்ந்தனர் என்பதற்குச் சாட்சிகள். நீதிமன்றத்தில் சாட்சிகளை வெளியேற்றிவிட்டுத் தீர்ப்பு எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

மண் சொன்ன உண்மை

எனினும் சில மூலைகளில் மண் தப்பிப் பிழைத்தது. 1905இல் டேவிட் ராண்டல் மக்கைவர் என்னும் தொல்லியலறிஞர் அவற்றை அகழ்ந்து ஆய்ந்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்றும், சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதே என்றும் அறிவித்தார். குடியேறியவர்கள் கொதித்தெழுந்தனர். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்னும் அம்மையார் மீண்டும் அகழ்ந்தார். பின்னாளில் எரிக்கோ நகரை அகழ்ந்து புகழ்பெற்ற கேத்லீன் கெனியன் அப்போது அவருக்கு உதவியாளராக இருந்தார். அவர்கள் கண்ட முடிவும் அதுவே.

பிற்கால ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. ஷோனா மக்களின் முன்னோர் கி.பி. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை இங்கு வாழ்ந்து கட்டிய நகரம் இது. சாலமோன் காலத்துக்கும் இதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. சீனப் பீங்கான் துண்டுகளும், பாரசீக மட்கலங்களும், கண்ணாடி மணிகளும் இங்கே கிடைத்தன. அவை அயலார் ஆட்சியின் அடையாளமல்ல. பொன்னை விற்று, இந்தியப் பெருங்கடல் வாணிகத்தில் பங்குகொண்ட செல்வச் செழிப்பின் அடையாளம்.

உண்மை தெளிவான பிறகும் பொய் சாகவில்லை. 1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபின், கட்டியவர் ஆப்பிரிக்கர் என்று வெளிப்படையாகக் கூறுவது குற்றம் போலாயிற்று. தொல்சின்னங்களின் ஆய்வாளராகப் பணிபுரிந்த பீட்டர் கார்லேக் உண்மையை மறைக்க உடன்படாமல் 1970இல் பதவியையும் நாட்டையும் துறந்து வெளியேறினார். 1980இல் விடுதலை பெற்ற மக்கள், அந்தக் கல் நகரத்தின் பெயரையே தம் நாட்டுக்குச் சூட்டி, அங்கே கிடைத்த கற்பறவையின் உருவத்தைக் கொடியில் பொறித்தனர். பறிபோன பாட்டன் சொத்தை மீட்டவரின் மகிழ்ச்சி அது.

பிரமிடும் உழைப்பாளியும்

இப்போது நம் சிறுவனின் கேள்விக்கு வருவோம். 1968இல் எரிக் வான் டேனிக்கன் வெளியிட்ட நூலால், விண்ணிலிருந்து வந்தோர் பழங்கால மக்களுக்குக் கற்பித்தனர் என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று. பிரமிடும் அதில் இழுக்கப்பட்டது. ஆனால் பிரமிடுகளின் அருகிலேயே உழைப்பாளர் குடியிருப்பும், அப்பம் சுட்ட அடுமனைகளும், 1990இல் அவர்களுடைய கல்லறைகளும் கண்டெடுக்கப்பட்டன. அங்கிருந்த எலும்புகள் சிலவற்றில் முறிவு ஏற்பட்டு, மீண்டும் பொருந்தி ஆறிய தழும்புகள் உள்ளன. மேலும் 2013இல் செங்கடற்கரையில் கிடைத்த பப்பிரசுச் சுருள்களில், மெரேர் என்னும் மேற்பார்வையாளர் தம் ஆட்களோடு தூரா என்னுமிடத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிப் பெரிய பிரமிடுக்குக் கொண்டுசென்ற நாட்குறிப்பு இருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் எழுதிவைத்த வேலைக் கணக்கு அது!

"அறிஞர்கள் மட்டும் தவறுவதில்லையா?" என்று கேட்கலாம். தவறுவதுண்டு. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கூறியபோது பலர் நகைத்தனர். ஆனால் 1960களில் கடலடித் தரையின் ஆய்வுகள் சான்று தந்தபோது, அறிஞர் உலகம் அதனை ஏற்றது. புதுக் கருத்து ஏற்கப்படுவதற்கு வழி இதுவே. நகைக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் எக்கருத்தும் மெய்யாகிவிடாது.

நம் வீட்டுக் கதை

பிறர் கதையைச் சோதிப்பது எளிது. நமக்கு இனிக்கும் கதையைச் சோதிப்பதே அரிது. தமிழராகிய நமக்கு லெமூரியா அத்தகையது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்தோடு உறவுடைய உயிர்கள் காணப்படுவதை விளக்குவதற்காக, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் அனுமானித்த நிலம் அது. அப்பெயர் பின்னர் நம் பழைய உரைகள் கூறும் கடல்கோளோடு இணைக்கப்பட்டது. வெகனரின் கருத்து நிலைபெற்றதும், அவ்வனுமானத்திற்குத் தேவையே இல்லாமற் போயிற்று. மனிதர் வாழ்ந்த காலத்தில் இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் அமிழ்ந்ததற்குத் தடயமில்லை.

ஆயினும் நம் முன்னோரின் நினைவு முழுதும் பொய் என்றும் கூறவேண்டியதில்லை. பனியூழிக்குப் பின் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்திருந்த நிலம் நீரில் மூழ்கியது. 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நாமே அறிவோம். கரையோர மக்கள் கண்ட இழப்புகள் மெய். கண்டம் மட்டுமே மெய்யன்று. நம் பெருமைக்கு அக்கண்டம் தேவையுமில்லை. வைகைக் கரையில் கீழடியில் 2015 முதல் நிகழ்ந்துவரும் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கற்சுவர்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் போதும்.

ஆகவே, நம் சிறுவனிடம் மூன்று வினாக்களைக் கற்றுக்கொடுப்போம். இக்கூற்றுக்கு மண்ணில் கிடைத்த சான்று என்ன? மாறான சான்று வந்தால் இதைக் கூறுபவர் ஏற்பாரா, மறைப்பாரா? இதை நம்பினால் யாருடைய உழைப்பின் புகழ் யாருக்குப் போய்ச் சேரும்? முதலிரண்டும் அறிவைக் கூர்மையாக்கும். மூன்றாவது மனச்சான்றைக் கூர்மையாக்கும். பிறர் பொருளைக் கவர்வது திருட்டென்றால், இறந்துபோன ஏழைத் தொழிலாளியின் கைத்திறனைப் பறித்து வேறொருவருக்குச் சூட்டுவதும் திருட்டன்றோ? பிரமிடைக் கட்டியவர் யார் என்று அவன் மறுபடி கேட்டால், மெரேரின் பெயரைச் சொல்வோம். அவரோடு கல் சுமந்து, எலும்பு முறிந்து, ஆறி, மீண்டும் வேலைக்குச் சென்ற பெயரறியா மனிதர்களையும் சொல்வோம்.