உருவம் தரும் தொழில்

ஊவா மலைநாட்டில், ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்ன தோட்டத்தை 1890ஆம் ஆண்டில் வாங்கியவர் தோமஸ் லிப்டன். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவத்தை அவருடைய விளம்பரங்கள் கடல் கடந்து பரப்பின. விளம்பரத்தில் அவளுக்குப் பெயரில்லை.

பொருளை விற்பதற்குத் தம் உருவத்தைத் தருவோரை இக்காலத்தில் ‘மொடல்’ என்பர். இது ஊதியம் பெறும் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்து ஆடை வணிகர் வொர்த் என்பார், தாம் தைத்தவற்றைப் பெண்களுக்கு அணிவித்து வாடிக்கையாளருக்குக் காட்டினார். மேடையில் நடந்து காட்டுவோர் அவ்வழி வந்தவரே. புகைப்படத்துக்கு நிற்போர் வேறு. ஆடையின் அளவு பார்க்க நிற்போருக்கு முகவெட்டு ஒரு பொருட்டன்று. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் கைகளுக்கென்றே தனி மொடல்கள் உளர் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்!

படம் எங்கே, எத்தனை காலம் வெளிவரும், ஊதியம் எவ்வளவு என்பவற்றை இவர்கள் முன்னதாகவே உடன்படிக்கையில் எழுதிக்கொள்வர். வேலை தருமுன் பணம் கேட்கும் தரகரை விட்டு விலகுவதே நன்று.

எல்லவுக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளும் கொழுந்து நிரையில் நிற்கும் பெண்களைப் படமெடுக்கின்றனர். ஞாபகத்துக்கெனில் போகட்டும். அதே படம் தேயிலைப் பெட்டியின்மேல் ஏறுமாயின், அவள் செய்தது மொடலின் வேலையே. அதற்குரிய ஊதியத்தை அவள் கேட்பதும், வேண்டாமென மறுப்பதும் நியாயமே.