லினக்ஸ் சர்வரும் அரை நொடித் தாமதமும்

தேர்வு முடிவை இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறோம். இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். நாம் கேட்பதை இரவு பகலாக விழித்திருந்து எடுத்துத் தரும் கணினிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். சர்வர்களுள் பல லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்குகின்றன. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இத்தகைய சர்வரில் மென்பொருளை நிறுவும் முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

1993இல் தோன்றிய ‘டெபியன்’ என்னும் லினக்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். இதற்குரிய மென்பொருள்கள் யாவும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. ‘ஆப்ட் அப்டேட்’ என்று கட்டளையிட்டால் களஞ்சியத்தின் புதிய பட்டியல் வந்து சேரும். பின்னர் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று எழுதி மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அதற்குத் துணையாக வேண்டியவையும் உடன் வந்துவிடும். பட்டியலில் டெபியன் குழுவினரின் மின்கையொப்பம் உண்டு. வழியில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கணினி அதை ஏற்க மறுக்கும். பொட்டலத்தின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்த்து அன்னையர் பொருள் வாங்குவது போன்றதே இது.

நிறுவியதோடு வேலை முடிவதில்லை. இணையப் பக்கங்களை வழங்கும் ‘என்ஜின்எக்ஸ்’ போன்ற மென்பொருளுக்கு அமைப்புக் கோப்புகள் உண்டு. அவற்றைத் திருத்துமுன் ஒரு படி எடுத்து வைத்தல் நலம். திருத்திய பின் பிழை உண்டா என்று சோதித்து, அதன் பிறகே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தேவையற்ற சேவைகளை நிறுத்திவிட வேண்டும். திறந்து கிடக்கும் கதவு கள்வனுக்கு அழைப்பன்றோ!

கையொப்பம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று 2024இல் நடந்த நிகழ்ச்சி உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளின் பணியில் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒருவர் உதவ முன்வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை பெற்றபின், சர்வருக்குள் களவாக நுழைய ஒரு இரகசிய வழியை அதில் ஒளித்து வைத்தார். பொறுப்பாளரே வஞ்சித்தமையால் முத்திரையால் அதைத் தடுக்க இயலவில்லை. டெபியனின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். “அரை நொடிதானே” என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்பை எட்டுமுன் அந்தத் தீங்கு தடுக்கப்பட்டது.

கட்டளைகளைச் சில நாட்களில் கற்றுவிடலாம். சிறு மாற்றத்தையும் கருத்தூன்றிக் கவனிக்கும் பழக்கமோ நெடுநாள் பயிற்சியால் வருவது. நாளை சர்வர்களைப் பேணும் பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவியர் இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பார்களாக!