மென்பொருள் தொழிலும் மைசூருப் பயிற்சியும்

மைசூரு என்றதும் அரண்மனையும் தசராவும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இன்னோர் இடத்தின் பெயரும் அடிக்கடி பேசப்படுகிறது. அதுதான் ஹெப்பாள் தொழிற்பகுதியில் இன்ஃபோசிஸ் நிறுவனம் அமைத்துள்ள பயிற்சி நிலையம். 1981-ஆம் ஆண்டில் புனே நகரில் ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய நிறுவனம் இது. அவர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி, மைசூருவில் பொறியியல் பயின்றவர்.

இத்தகைய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர் செய்யும் வேலை யாது? அயல்நாட்டு வங்கி ஒன்று தன் கணக்குகளைக் கணிப்பொறியில் நடத்த விரும்புகிறது எனக் கொள்வோம். அதன் தேவையைக் கேட்டறிதல், அதற்கேற்ற நிரலை எழுதுதல், பிழை களைதல், பின்னர்ப் பல்லாண்டுகள் அதைப் பேணுதல் ஆகியவை இவர்தம் பணிகள். பிறர் எழுதிய பழைய நிரலைப் படித்துச் செப்பனிடுவதிலேயே பலருடைய காலம் கழிகிறது.

நிறுவனத்துக்கு வருவாய் தருவது வாடிக்கையாளருக்காகச் செய்யப்படும் வேலையே. வேலை ஒதுக்கப்படாமல் காத்திருப்பதைப் ‘பெஞ்சில் இருத்தல்’ என்பர். அக்காலத்தும் ஊதியம் உண்டு. நிறுவனத்துக்கோ அது செலவு. ஆதலால், இயந்திரவியலோ கட்டடவியலோ பயின்று வந்தவரையும் சில மாதங்களில் நிரல் எழுத வல்லவராக்குவதற்குப் பயிற்சியும், அதன் முடிவில் தேர்வும் வைக்கப்படுகின்றன.

அத்தேர்வு வெறும் சடங்கன்று. 2025 பிப்ரவரியில், மும்முறை வாய்ப்பளித்தும் தேறவில்லை என்று கூறி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை மைசூரு நிலையத்திலிருந்து அந்நிறுவனம் விடுவித்தது. 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024 வரை காத்திருந்து சேர்ந்தவர்கள் அவர்களுள் பலர். தொழிலாளர் துறை விசாரிக்கும் அளவுக்கு அச்செய்தி வளர்ந்தது.

இதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. நியமனக் கடிதம் வாயிலைத் திறந்துவிடும். வேலையை உறுதியாக்குவது பயிற்சித் தேர்வே. ஆகவே கடிதத்திலுள்ள நிபந்தனைகளை முழுமையாகப் படித்தல் வேண்டும். காத்திருக்கும் காலத்தில் ஜாவா, பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்றையும் தரவுத்தளத்தையும் நாள்தோறும் பழகுதல் நன்று. வரப்போகும் சம்பளத்தை நம்பி முன்னரே கடன் படுதல் தகாது. தேர்வில் தவறி வரும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ளலும் வேண்டா. அங்கே பயின்ற பாடம் அவனுடையது; அதைக் கொண்டு அவன் வேறு நிறுவனத்தின் வாயிலை அணுகலாம்.