கட்டணம் கட்டாயம், கணக்கு யார் கையில்?

பல அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டணப் பட்டியலை வாங்கிப் பார்த்தால், படிப்புக் கட்டணத்துக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: மாணவர் செயல்பாட்டுக் கட்டணம். படிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் தொகை சிறிதுதான். ஆனால் வேண்டாம் என்று ஒதுங்கப் பெரும்பாலும் வழியில்லை. எல்லோரிடமும் பிடித்த பணத்தை யார் செலவு செய்வது, எதற்குச் செய்வது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள் அல்லவா? சாமி கும்பிடாதவரும் கொடுப்பார், கச்சேரி பிடிக்காதவரும் கொடுப்பார். அந்தப் பணத்தில் நாடகமா, ஆடல்பாடலா, பட்டிமன்றமா என்று முடிவெடுக்கும்போதுதான் சண்டை வரும். அப்படியொரு சண்டைதான் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் கிளம்பி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

1995–96 கல்வியாண்டில் அங்கே ஒரு மாணவர் கட்டிய இந்தக் கட்டணம் 331 டாலர் 50 சென்ட். அந்த ஆண்டு பதிவு பெற்றிருந்த மாணவர் சங்கங்கள் 623. அவற்றில் அரசியல் பேசுகிறவையும் கொள்கைப் பிரச்சாரம் செய்கிறவையும் இருந்தன. ஸ்காட் சவுத்வொர்த் என்ற சட்ட மாணவரும் வேறு சிலரும் 1996இல் வழக்குப் போட்டார்கள். ‘எனக்கு ஒவ்வாத கருத்தைப் பேசுகிறவர்களுக்கு என் காசை ஏன் கொடுக்க வேண்டும்? இது என் பேச்சுரிமைக்கு விரோதம்’ என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. தொழிற்சங்கச் சந்தா வழக்குகளில் அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. சங்கத்தின் வேலைக்குத் தொடர்பில்லாத அரசியலுக்கு, விருப்பமில்லாத ஊழியரின் பணத்தை எடுக்கக்கூடாது என்று முன்பே தீர்ப்பு வந்திருந்தது.

2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அந்தோணி கென்னடி. தொழிற்சங்கத்துக்கு எது தொடர்புள்ளது, எது இல்லாதது என்று ஓரளவு கோடு கிழிக்கலாம். பல கருத்துகளையும் மோதவிட்டுப் பழக்கும் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேச்சைத் தொடர்பில்லாதது என்று ஒதுக்குவீர்கள்? ஆகவே கட்டாயக் கட்டணம் செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: பணத்தைப் பங்கிடும்போது, கேட்கிற சங்கத்தின் கருத்து என்ன என்று பார்க்கக்கூடாது.

இந்த நிபந்தனை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? நிதிக் குழுவில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், ‘கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், அரங்க வாடகை எவ்வளவு, பேச்சாளரின் விமானச் சீட்டு இவ்வளவு விலையா’ என்றெல்லாம் குடையலாம். ‘அவர் என்ன பேசப்போகிறார்’ என்பதை வைத்துக் கையை நீட்டவோ மடக்கவோ கூடாது. 2002இல் இதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. சங்கம் எத்தனை வருடப் பழையது, முன்பு எவ்வளவு வாங்கியது என்பதையெல்லாம் அளவுகோலாக வைக்காதே என்றது. பார்த்தால் அவை வெறும் எண்கள்தான். ஆனால் அவற்றைப் பிடித்துக்கொண்டால் பழைய, பலருக்கும் பிடித்த கருத்துக்கே மறுபடி மறுபடி பணம் போய்ச் சேரும். 2010இல் அதே நீதிமன்றம் ஒரு கத்தோலிக்க மாணவர் அமைப்பின் வழக்கில், பிரார்த்தனை நிகழ்ச்சி என்பதற்காகவே செலவுத்தொகையை மறுக்கக்கூடாது என்றும் சொன்னது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். மாணவர் பணம்தானே, மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தால் என்ன? மேடிசனில் அதுவும் நடந்தது. பொது வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் பொதுநல ஆய்வு அமைப்பு ஒன்றுக்கு 45,000 டாலர் போனது. உச்ச நீதிமன்றம் முகம் சுளித்தது இந்த வழியைப் பார்த்துத்தான். பெரும்பான்மை கைதூக்கிப் பணம் கொடுக்கலாமென்றால், பெரும்பான்மை கைதூக்கிப் பணத்தை நிறுத்தவும் செய்யலாம். பத்துப் பேர் மட்டும் ஆதரிக்கும் சங்கத்துக்கு அப்புறம் கதி ஏது?

ஆக, ‘மாணவர் கையில் அதிகாரம்’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வழிகள் கலந்து கிடக்கின்றன. தனி மாணவர் தன் பங்கைத் தர மறுப்பது ஒன்று. அந்த ஏற்பாட்டைக் கல்லூரி விரும்பினால் செய்யலாம், செய்தே தீர வேண்டும் என்பதில்லை. எல்லோரும் வாக்களித்து ஒரு சங்கத்தைத் தூக்குவது அல்லது கவிழ்ப்பது இன்னொன்று. அதைத்தான் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்த்தது. தேர்ந்தெடுத்த குழு, எழுதிவைத்த விதிக்குக் கட்டுப்பட்டுப் பங்கிடுவது மூன்றாவது. கேட்பதற்கு உப்புச்சப்பில்லாத வழிதான். ஆனாலும் சட்டத்தின் முன் நிற்பது அதுவே.

விஸ்கான்சினில் இந்தக் குழுவுக்கு மாநிலச் சட்டத்தின் துணையும் உண்டு. மாணவர் செயல்பாடுகளுக்கான கட்டணத்தைச் செலவிடும் பொறுப்பு, வளாகத் தலைவரைக் கலந்தும் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தின் இறுதி ஒப்புதலோடும், மாணவர்களுடையது என்று 1970களிலேயே எழுதிவைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத் தலைமை மாணவர் சங்கத்தைத் தாண்டிப் பிரதிநிதிகளை நியமிக்கப் பார்த்தபோது, தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது மாணவர் உரிமை என்று 1976இல் மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாணவர் வாழ்க்கை சார்ந்த கொள்கைகளில் அவர்களுக்கு இருந்த முதன்மைப் பொறுப்பு, வளாகத் தலைவருக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்குச் சுருங்கியது.

இவ்வளவு வழக்கும் எந்தப் பணத்துக்கு என்று கணக்குப் பார்த்தால்தான் வேடிக்கை. சவுத்வொர்த் வழக்கின் ஆவணப்படி, சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய பகுதி மொத்தக் கட்டணத்தில் ஏறக்குறைய 20 சதவீதம். மீதி 80 சதவீதம் மாணவர் மருத்துவமனை, விளையாட்டு, மாணவர் மன்றக் கட்டடங்களின் பராமரிப்பு, அவற்றைக் கட்ட வாங்கிய கடன் என்று நிலையான செலவுகளுக்குப் போனது. அந்தப் பகுதியில் யார் என்ன பேசினார்கள் என்ற பிரச்சினை இல்லை. அதனால் கூச்சலும் இல்லை, வழக்கும் இல்லை.

மாணவர்கள் ஓட்டுப் போட்ட இடம் அந்த நிலையான செலவுப் பகுதியிலும் உண்டு. 2006இல் மன்றக் கட்டடங்களைப் புதுப்பிக்கக் கட்டணத்தை உயர்த்தலாம் என்று மேடிசன் மாணவர்கள் வாக்களித்தார்கள். அந்தத் திட்டத்தில் எழுந்த புதிய தெற்கு மன்றம் திறந்தது 2011இல். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் பட்டம் வாங்கிக் கிளம்பியிருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் ஓட்டுப் போடாமலேயே கட்டுகிறார்கள். நாலு வருடம் தங்குகிறவர்கள் போட்ட ஓட்டு, பல வருடக் கடனாக நீள்கிறது.

பிடிக்காத சங்கத்துக்குப் போன சில டாலர்கள் நம் கண்ணில் உறுத்தும். கட்டடக் கடனுக்குப் போன பெரும்பங்கு உறுத்தாது. கட்டணத்தின்மேல் மாணவர்களுக்கு உண்மையிலேயே பிடி வேண்டுமென்றால், சங்கங்களுக்கு நடுநிலை விதி இருப்பதுபோலக் கடனுக்கும் ஒரு விதி வேண்டும்: இன்னும் எத்தனை வருடம், வட்டி எவ்வளவு, முடிந்ததும் கட்டணம் குறையுமா என்பதை வருடாவருடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.